ஷோ டேபிள்ஸ் பழகிய கைக்கு பிஎஸ்கியூஎல்: ஒரு மதிப்புரை

மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் டேட்டாபேஸ்களில் ஒன்றில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவரைத் திடீரென்று போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் முன்னால் உட்கார வைப்பது தரமணி, சிறுசேரி, அம்பத்தூர் ஆபீஸ்களில் இப்போது சகஜம். ஒரு கம்பெனி ஆரக்கிள் லைசென்ஸ் செலவைக் குறைக்க மாறும், இன்னொன்று கிளையண்ட் கேட்டதற்காக மாறும். அரசு வேலை எடுப்பவர்களுக்கு மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு திறமூல மென்பொருள் கொள்கையும் ஒரு காரணம். "எஸ்கியூஎல் தெரியும்தானே, ரெண்டு நாள்ல பழகிடும்" என்பார் மேனேஜர். எஸ்கியூஎல் என்பது இந்த டேட்டாபேஸ்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கேள்வி மொழி. அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்பதைப் பார்க்கத்தான் இந்த மதிப்புரை.

முதலில் போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் பிஎஸ்கியூஎல் என்ற கமாண்ட் லைன் கருவி. பிறகு, இடம் மாறுகிறவர்களுக்குக் கை கொடுப்பதாகச் சொல்லும் ஓராஃப்சி, ஓரா2பிஜி, பிஜிலோடர் என்ற மூன்று கருவிகள். எல்லாமே இலவசம், திறமூலம். அதனால் விலையை வைத்து எடைபோட வழியில்லை, உங்கள் நேரத்தை எவ்வளவு தின்கிறது என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: கமாண்ட் மாறுவது ஒரு நாள் தலைவலி, அதற்கு பிஎஸ்கியூஎல் போதும். எரர் வராமலேயே தப்பான விடை தரும் இடங்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. அங்கே இந்தக் கருவிகள் எதுவும் முழுசாகக் காப்பாற்றாது.

கமாண்டுகளை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறோம். பின்சாய்கோடு வரும் இடத்தில் \ என்றே இருக்கும். டிஸ்கிரைபின் முதல் எழுத்தை 'டி' என்றும், டேபிளின் முதல் எழுத்தை 'டீ' என்றும் எழுதியிருக்கிறோம், குழம்ப வேண்டாம்.

முதல் முட்டுக்கட்டை உள்ளே நுழைவதற்கு முன்பே வரும். உபுண்டுவில் பேக்கேஜ் போட்டுவிட்டு பிஎஸ்கியூஎல் என்று அடித்தால், உங்கள் லினக்ஸ் பெயரில் ரோல் (டேட்டாபேஸ் யூசர்) இல்லை என்று சொல்லும். ரோல் உருவாக்கிவிட்டு வந்தால், அதே பெயரில் டேட்டாபேஸ் இல்லை என்று திருப்பி அனுப்பும். டேட்டாபேஸ் பெயர் கொடுக்காவிட்டால் யூசர் பெயரையே டேட்டாபேஸ் பெயராக எடுத்துக்கொள்வது இதன் வழக்கம், மைஎஸ்கியூஎல்லில் அப்படி இல்லை. யூசர் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் "பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு" என்று வரும். லோக்கல் சாக்கெட் வழியாக வருகிறவரை, பாஸ்வேர்டு கேட்காமல் லினக்ஸ் பெயரை வைத்தே சரிபார்ப்பதுதான் காரணம். ஹைஃபன் ஹெச் போட்டு லோக்கல்ஹோஸ்ட் என்று சேர்த்தால் டிசிபி வழியாகப் போகும், பாஸ்வேர்டு கேட்கும். இந்த விதிகள் இருப்பது பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ற கோப்பில். அதில் எல்லாவற்றையும் ட்ரஸ்ட் என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடரச் சொல்லும் யோசனைகள் நிறையக் கிடைக்கும். அப்படி மாற்றிய சர்வரில் பாஸ்வேர்டே தேவையில்லை, யார் வேண்டுமானாலும் நுழையலாம். தொடாதீர்கள்.

உள்ளே வந்தாயிற்று. மைஎஸ்கியூஎல்லில் டேபிள் பட்டியல் கேட்டுப் பழகிய கை தானாக ஷோ டேபிள்ஸ் என்று அடிக்கும். வரும் பதில்: அன்ரெகக்னைஸ்டு கான்ஃபிகரேஷன் பாராமீட்டர் "டேபிள்ஸ்". புதியவருக்கு இது தலையும் புரியாது, வாலும் புரியாது. நடந்தது என்னவென்றால், போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஷோ என்ற கமாண்ட் உண்டு, ஆனால் அது செட்டிங் மதிப்பைக் காட்ட மட்டும். ஷோ ஒர்க்_மெம் என்றால் 4எம்பி என்று சொல்லும். அதனால் டேபிள்ஸ் என்ற பெயரில் ஒரு செட்டிங்கைத் தேடிவிட்டு, இல்லை என்கிறது. ஷோ டேட்டாபேஸஸ் அடித்தாலும் இதே கதைதான். டிஸ்கிரைப், யூஸ் இரண்டுக்கும் வெறும் சின்டாக்ஸ் எரர்.

இந்த இடத்தில் பிஎஸ்கியூஎல்லின் மீது எங்களுக்கு உண்மையான குறை உண்டு. "டேபிள் பட்டியல் வேண்டுமா, \டிடீ போடுங்கள்" என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துபோகும்? போஸ்ட்கிரெஸ்ஸுக்கு அந்தப் பழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மைஎஸ்கியூஎல் பாணியில் லிமிட் 10, 20 என்று எழுதிப் பாருங்கள்: அந்த வடிவம் இங்கே கிடையாது, லிமிட்டையும் ஆஃப்செட்டையும் தனித்தனியாக எழுது என்று எரரோடு குறிப்பும் தருகிறது. வெளியே வரத் தெரியாமல் தவித்தவர்களுக்காக 11-ஆம் பதிப்பில் க்விட், எக்ஸிட் இரண்டையும் சேர்த்தார்கள், அதற்கு முன் \கியூ மட்டும்தான். குவெரியின் நடுவில் க்விட் அடித்தால்கூட, \கியூ போடு என்று நினைவூட்டுகிறது. வெறுமனே ஹெல்ப் என்று அடித்தால் எங்கே என்ன இருக்கிறது என்று நாலைந்து வரி காட்டுகிறது. இவ்வளவு செய்தவர்கள் ஷோ டேபிள்ஸுக்கு மட்டும் முகம் கொடுக்காமல் இருப்பது வீம்பு.

கமாண்டுகளுக்கு வருவோம். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, பிடிபட்டால் மனப்பாடம் தேவையில்லை. \டி என்பது டிஸ்கிரைப். பக்கத்தில் டேபிள் பெயர் போட்டால் அதன் ஃபீல்டுகள், இண்டெக்ஸ், ஃபாரின் கீ, அந்த டேபிளைச் சுட்டும் மற்ற டேபிள்கள் எல்லாம் ஒரே திரையில் வரும். மைஎஸ்கியூஎல்லின் டிஸ்கிரைப் இதில் கால்வாசிகூடக் காட்டாது. \டி-க்குப் பின்னால் இன்னோர் எழுத்து சேர்த்தால் அந்த வகை: \டிடீ டேபிள், \டிஐ இண்டெக்ஸ், \டிவி வியூ, \டிஎஃப் ஃபங்ஷன், \டியூ யூசர், \டிஎன் ஸ்கீமா (ஒரு டேட்டாபேஸுக்குள் டேபிள்களைப் பிரித்து வைக்கும் பிரிவு). கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்தால் அளவு உள்ளிட்ட கூடுதல் விவரம் வரும். டேட்டாபேஸ் பட்டியலுக்கு \எல், வேறு டேட்டாபேஸுக்குத் தாவ \சி. மைஎஸ்கியூஎல்லில் \ஜி போட்டு ரெக்கார்டை நெடுக்காகப் பார்த்தவர்கள் குவெரியின் முடிவில் செமிகோலனுக்குப் பதில் \ஜிஎக்ஸ் போடலாம், இது 10-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. சோர்ஸ் என்று ஸ்கிரிப்ட் ஓட்டியவர்களுக்கு \ஐ. ஷோ வேரியபிள்ஸுக்கு பதில் ஷோ ஆல், 15-ஆம் பதிப்பிலிருந்து \டிகான்ஃபிக்கும் உண்டு.

ஷோ ப்ராசஸ்லிஸ்டுக்குச் சுருக்க வழி கிடையாது. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூவிலிருந்து செலக்ட் செய்ய வேண்டும். அதன் பின்னாலேயே \வாட்ச் 2 என்று அடித்தால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக் காட்டும். கில் கமாண்டுக்கு இங்கே இரண்டு ஃபங்ஷன்கள்: பிஜி_கேன்சல்_பேக்எண்ட் ஓடும் குவெரியை மட்டும் நிறுத்தும், பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் கனெக்‌ஷனையே வெட்டும். முதலாவதைப் போட்டுப் பார்த்துவிட்டு, மசியவில்லை என்றால் மட்டும் இரண்டாவது.

ஷோ கிரியேட் டேபிளுக்கு நேரான பதில் இல்லை என்பது நிஜமான குறை. வெளியே வந்து பிஜி_டம்ப் கருவியை ஹைஃபன் எஸ், ஹைஃபன் டீ என்று போட்டு டேபிள் பெயரோடு ஓட்டினால் கிரியேட் வரிகள் கிடைக்கும்.

பிஎஸ்கியூஎல்லில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஹைஃபன் பெரிய ஈ என்ற ஆப்ஷன். அதைப் போட்டுத் திறந்துவிட்டு \டிடீ அடித்தால், அந்தப் பட்டியலை எடுக்க உள்ளே எந்த குவெரி ஓடியது என்பதையும் சேர்த்துக் காட்டும். பிஜி_கிளாஸ், பிஜி_நேம்ஸ்பேஸ் என்று டேட்டாபேஸ் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் கேட்டலாக் டேபிள்கள் ஒவ்வொன்றாக அறிமுகமாகும். ஆரக்கிளில் யூசர்_டேபிள்ஸ், ஆல்_டேப்_காலம்ஸ் என்று கேட்டு வளர்ந்த டிபிஏ-க்களுக்கு (டேட்டாபேஸ் நிர்வாகிகளுக்கு) இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ப்ராம்ப்டையும் கவனிக்கப் பழகுங்கள். =# என்றால் நீங்கள் சூப்பர்யூசர், => என்றால் சாதா ஆள். -# என்று மாறினால் செமிகோலனுக்குக் காத்திருக்கிறது. '# என்றால் எங்கோ ஒரு மேற்கோள்குறியை மூடவில்லை. "என்டர் தட்டியும் ஒண்ணும் நடக்கல" என்று புதியவர்கள் கூப்பிடுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்றாகச் சேர்த்து ஏற்கவோ கைவிடவோ செய்யும் கமாண்டுகளின் தொகுப்புக்குப் பெயர் டிரான்ஸாக்‌ஷன். டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருந்தால் நடுவில் ஒரு நட்சத்திரக்குறி வரும், டிரான்ஸாக்‌ஷன் கெட்டுப்போயிருந்தால் ஆச்சரியக்குறி வரும்.

அந்த ஆச்சரியக்குறிக்கு ஒரு விளக்கம் தேவை. மைஎஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் டிரான்ஸாக்‌ஷன் நடுவே ஒரு வரி தப்பானால் பெரும்பாலும் அந்த வரி மட்டும் போகும், மற்றவை நிற்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரி தப்பானால் முழு டிரான்ஸாக்‌ஷனும் செத்த கணக்கு. செய்ததைக் கைவிடும் ரோல்பேக் அடிக்கும்வரை எந்தக் கமாண்டையும் ஏற்காது. கையால் வேலை செய்யும்போது இது எரிச்சல். \செட் ஆன்_எரர்_ரோல்பேக் இன்டராக்டிவ் என்று போட்டுவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தானாக ஒரு சேவ்பாயிண்ட் (திரும்பி வரக்கூடிய இடம்) வைத்துக்கொள்ளும். வேரியபிள் பெயரைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும், சின்ன எழுத்தில் அடித்தால் எரரும் வராது, பலனும் இருக்காது. இதற்கு ஈடாக ஒரு வசதி: கிரியேட், ஆல்டர், டிராப் போன்றவையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் அடங்கும். மற்ற இரண்டிலும் ஆல்டர் டேபிள் அடித்த நிமிடமே கமிட் ஆகி நிலைத்துவிடும். இங்கே பிகின் போட்டு, ஆல்டர் செய்து, சரிபார்த்து, பிடிக்கவில்லை என்றால் ரோல்பேக் செய்யலாம். கிரியேட் டேட்டாபேஸ், வாக்யூம், கன்கரண்ட்லி போட்டு உருவாக்கும் இண்டெக்ஸ் போன்ற சில மட்டும் விதிவிலக்கு.

ஸ்கிரிப்ட் ஓட்டும்போது எதிர்பாராத அடி ஒன்று விழும். மைஎஸ்கியூஎல் கிளையண்டுக்கு ஒரு கோப்பை ஊட்டினால் முதல் எரரிலேயே நின்றுவிடும். பிஎஸ்கியூஎல் நிற்காது. நூறு வரியில் மூன்றாவது வரி தப்பானாலும் மீதியை ஓட்டி முடித்துவிட்டு, எல்லாம் சரி என்பதுபோல எக்ஸிட் கோடு 0 கொடுக்கும். டிப்ளாய்மெண்ட் ஸ்கிரிப்டில் ஹைஃபன் வி போட்டு ஆன்_எரர்_ஸ்டாப்=1 சேர்ப்பது கட்டாயம், அப்போதுதான் எரரில் நின்று 3 என்ற கோடோடு வெளியே வரும். கூடவே ஹைஃபன் 1 சேர்த்தால் முழுக் கோப்பும் ஒரே டிரான்ஸாக்‌ஷன்.

மைஎஸ்கியூஎல்லில் இருந்து இங்கே காணாமல் போகும் நல்ல விஷயம் ஒன்று: வேர் இல்லாத அப்டேட், டெலீட்டைத் தடுக்கும் சேஃப் அப்டேட்ஸ் ஆப்ஷன். அதற்கு ஐ-ஆம்-எ-டம்மி என்று இன்னொரு பெயரும் வைத்திருந்தார்கள். பிஎஸ்கியூஎல்லில் அப்படி ஒரு ஆப்ஷன் இல்லை. பிகின் போட்டுவிட்டுத் தொடங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்ல வழி.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை கத்திச் சொல்லும் வேறுபாடுகள், எரர் வரும், திருத்திவிடலாம். பேக்டிக் போட்ட பெயர், இரட்டை மேற்கோளில் போட்ட ஸ்ட்ரிங், ஐஎஃப்நல், குரூப்_கான்கேட், ஆன் டூப்ளிகேட் கீ எல்லாமே அந்த ரகம். கோலெஸ், ஸ்ட்ரிங்_ஆக், ஆன் கான்ஃப்ளிக்ட் என்று மாற்றிவிட்டுப் போகலாம். பின்கோடு வார்கேர் (எழுத்து வகை) ஃபீல்டாக இருந்து, பின்கோடு = 600020 என்று மேற்கோள் இல்லாமல் கேட்டால், அந்த இரண்டு வகைக்கும் ஆபரேட்டர் இல்லை என்று மறுக்கும். மைஎஸ்கியூஎல் கேள்வி கேட்காமல் மாற்றிக்கொள்ளும். இது கண்டிப்பு, நல்லதுதான்.

கத்தாதவற்றுக்கு வருவோம். இன்வாய்ஸ் போடும் குவெரி ஒன்றில் 18/100*தொகை என்று ஜிஎஸ்டி கணக்கிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைஎஸ்கியூஎல்லில் 18/100 என்பது 0.1800, ஆரக்கிளில் 0.18. போஸ்ட்கிரெஸ்ஸில் இரண்டு முழு எண்ணை வகுத்தால் விடையும் முழு எண், அதாவது 0. எல்லா பில்லிலும் வரி பூஜ்யம், எரர் எதுவும் வராது. தொகை*18/100 என்று எழுதியிருந்து, தொகை நியூமரிக் (தசம எண்) வகையாக இருந்தால் சரியாக வரும், அதனால் ஒரே அப்ளிகேஷனில் சில ரிப்போர்ட் சரியாகவும் சில தப்பாகவும் இருக்கும். தேர்ச்சி விழுக்காடு, அட்டெண்டன்ஸ் விகிதம் என்று இரண்டு கவுண்டை வகுக்கும் இடமெல்லாம் இதே கதி. 100.0 என்று எழுதினால் போதும். ஆனால் அதற்கு முதலில் கோடு முழுக்க வகுத்தல் குறியைத் தேட வேண்டும்.

அடுத்தது எழுத்தின் பெரியது சிறியது. மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதியில்) ஆங்கிலத்தில் எழுதிய அடையாறு, முதல் எழுத்து பெரிதாக இருந்தாலும் சின்னதாக இருந்தாலும் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு இரண்டும் வேறு. ஏரியா வாரியாக கஸ்டமர் பட்டியல் எடுத்தால் பாதிப் பேர் விடுபடுவார்கள், குரூப் பை போட்டால் அடையாறு இரண்டு வரியாக வரும். யுனிக் என்று வைத்திருந்த ஈமெயில் ஃபீல்டில் ஒரே முகவரி இரண்டு விதமாக நுழைந்துவிடும். லோயர் ஃபங்ஷன் மேல் ஒரு யுனிக் இண்டெக்ஸ் போடுவது, அல்லது சைடெக்ஸ்ட் எக்ஸ்டென்ஷனின் வகையைப் பயன்படுத்துவது, இந்த இரண்டில் ஒன்றை முதல் நாளே முடிவு செய்யுங்கள். தேடலுக்கு மட்டும் என்றால் ஐலைக் போதும்.

தேதி வடிவம் இன்னும் குறும்பானது. மைஎஸ்கியூஎல்லில் சதவீதக் குறி போட்டு எழுதிய வடிவங்களை டூ_சார் ஃபங்ஷனுக்கு மாற்றும்போது, நிமிடத்துக்கு எம்எம் என்று எழுதிவிடுவார்கள். எம்எம் என்றால் மாதம், நிமிடத்துக்கு எம்ஐ. மார்கழி சீசனுக்குக் கச்சேரி டிக்கெட் விற்கும் தளத்தில் மாலை 18:30 கச்சேரி, டிசம்பர் முழுக்க 18:12 என்று காட்டும். பார்க்க நேரம் மாதிரியே இருப்பதால் டெஸ்டிங்கில் தப்பிவிடும். ஆரக்கிளிலும் எம்ஐ-தான் என்பதால், அங்கிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வரிசைப்படுத்தும்போது நல் (மதிப்பே இல்லாத ஃபீல்டு) எங்கே வரும் என்பதும் மாறும்: மைஎஸ்கியூஎல்லில் ஏறுவரிசையில் நல் முதலில், போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஆரக்கிளிலும் கடைசியில். நல்ஸ் ஃபர்ஸ்ட் என்று சேர்த்தால் சரி.

ஆரக்கிள்காரர்களின் பட்டியல் வேறு. ஆரக்கிளின் கமாண்ட் லைன் கருவியான எஸ்கியூஎல்பிளஸ்ஸில் கமிட் சொல்லும்வரை எதுவும் நிலைக்காது. பிஎஸ்கியூஎல்லில் ஆட்டோகமிட் ஆன் நிலையில்தான் திறக்கும், டெலீட் அடித்தால் அடித்ததுதான். \செட் ஆட்டோகமிட் ஆஃப் என்று மாற்றலாம், இதற்கும் பெரிய எழுத்து. மாற்றிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது: எஸ்கியூஎல்பிளஸ்ஸில் எக்ஸிட் அடித்தால் வழக்கமாகக் கமிட் செய்துவிட்டு வெளியே வரும். பிஎஸ்கியூஎல்லில் கமிட் சொல்லாமல் வெளியேறினால் செய்த வேலை அத்தனையும் போய்விடும்.

வெற்று ஸ்ட்ரிங் ஆரக்கிளில் நல்லுக்குச் சமம், போஸ்ட்கிரெஸ்ஸில் இல்லை. முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் மூன்றையும் || போட்டு ஒட்டும் குவெரியில் நடுப்பெயர் நல்லாக இருந்தால் ஆரக்கிள் மற்ற இரண்டையும் ஒட்டித் தரும், போஸ்ட்கிரெஸ்ஸில் முழுப் பெயரும் நல். நம் ஊரில் நடுப்பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது? கான்கேட் ஃபங்ஷனுக்கு மாறினால் நல்லை வெற்றாக எடுத்துக்கொள்ளும். ஆரக்கிளில் இப்போதைய நேரம் தரும் சிஸ்டேட்டை நவ் என்று மாற்றுவதிலும் கவனம் வேண்டும். நவ் என்பது டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரத்திலேயே நின்றுவிடும். இரவு பேட்ச் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் மூன்று மணி நேரம் ஓடினால், லாக் டேபிளில் எல்லா வரிக்கும் ஒரே நேரம் பதிவாகியிருக்கும். ஓடுகிற நேரம் வேண்டுமென்றால் கிளாக்_டைம்ஸ்டாம்ப்.

இந்த வகை வலிக்கு மருந்துதான் ஓராஃப்சி எக்ஸ்டென்ஷன். போஸ்ட்கிரெஸ் பதிப்புக்குப் பொருந்தும் பேக்கேஜைப் போட்டு, கிரியேட் எக்ஸ்டென்ஷன் ஓராஃப்சி என்று ஒரு வரி அடித்தால் டூயல், என்விஎல், டீகோட், ஆட்_மந்த்ஸ், லாஸ்ட்_டே, மந்த்ஸ்_பிட்வீன், டிபிஎம்எஸ்_அவுட்புட், யூடிஎல்_ஃபைல் எல்லாம் கிடைக்கும். ஆரக்கிளின் டேட் வகையில் நேரமும் சேர்ந்தே இருக்கும், போஸ்ட்கிரெஸ் டேட்டில் நாள் மட்டும். ஓராஃப்சி ஆரக்கிள் என்ற ஸ்கீமாவில் நேரத்தோடு ஒரு டேட் வகை வைத்திருக்கிறது. ஆனால் எந்த ஸ்கீமாவை முதலில் தேடுவது என்று சொல்லும் சர்ச்_பாத்தில் அந்த ஸ்கீமாவை பிஜி_கேட்டலாகுக்கு முன்னால் நீங்களாக எழுதினால்தான் அது எடுபடும். மறந்தால் நேரப் பகுதி சத்தமில்லாமல் வெட்டுப்படும். வெற்று ஸ்ட்ரிங்கை நல்லாக மாற்ற ஒரு டிரிக்கர் ஃபங்ஷன் தருகிறது, அதையும் டேபிள் டேபிளாக நீங்கள்தான் மாட்ட வேண்டும்.

எங்கள் கருத்து: இறக்குமதி நாட்களில் ஓராஃப்சி அருமை, நிரந்தரமாகச் சாய்ந்துகொள்ள வேண்டாம். புதிய கோடிலும் என்விஎல், டீகோட் என்று எழுதிக்கொண்டே போனால், இரண்டு வருடம் கழித்தும் டீம் போஸ்ட்கிரெஸ் கற்றிருக்காது. ஆரக்கிளுக்கே உரிய கனெக்ட் பை, (+) குறி, ரோநம் இவற்றை ஓராஃப்சி தொடுவதே இல்லை. அவை விதி ரிகர்சிவ், லெஃப்ட் ஜாயின், லிமிட் என்று மாற்றி எழுதப்பட வேண்டியவை.

மாற்றி எழுதும் வேலைக்கு ஓரா2பிஜி. பேர்ல் மொழியில் எழுதப்பட்டது. நிறுவுவதுதான் பெரிய பாடு: ஆரக்கிள் இன்ஸ்டன்ட் கிளையண்டோடு அதன் எஸ்டிகே பகுதியையும் சேர்த்து இறக்கி, ஆரக்கிள்_ஹோம் வேரியபிளை வைத்து, பேர்லின் டிபிடி ஆரக்கிள் மாட்யூலைக் கம்பைல் செய்ய வேண்டும். எஸ்டிகே இல்லாமல் கம்பைல் நடுவழியில் நின்றுவிடும். ஏறிவிட்டால் ஷோ_ரிப்போர்ட்டை எஸ்டிமேட்_காஸ்ட்டோடு ஓட்டுங்கள். எந்த வியூ, எந்த பேக்கேஜ், எவ்வளவு வேலை என்று மதிப்பீடு வரும். அந்த மதிப்பீட்டை அப்படியே கிளையண்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரு யூனிட்டுக்கு 5 நிமிடம் என்பது போஸ்ட்கிரெஸ் நன்கு தெரிந்தவர் கணக்கு. முதல் முறை செய்கிற டீம் என்றால் 10 என்று வைக்கச் சொல்லி அதன் ஆவணமே சொல்கிறது.

கான்ஃபிக் கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது டிஃபால்ட்_நியூமரிக். ஆரக்கிளில் அளவு சொல்லாமல் நம்பர் என்று மட்டும் வைத்த ஃபீல்டுகளை வழக்கப்படி பிக்இண்ட்டாக (முழு எண்ணாக) மாற்றும். பைசா வைத்திருக்கும் ஃபீல்டு என்றால் லோடில் முட்டும், நியூமரிக் என்று மாற்றிவிடுங்கள். பேக்கேஜ்களை ஸ்கீமாவாக மாற்றித் தருவது நன்றாகவே வேலை செய்கிறது.

தமிழ் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றத்தில் ஒரு லாபம் உண்டு. ஆரக்கிளில் வார்கேர்2(30) என்றால், செட்டிங்கை மாற்றாதவரை 30 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'திருவல்லிக்கேணி' என்பதில் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் சேர்த்து 15 குறியீடு, ஆக 45 பைட். 30 பைட் ஃபீல்டில் நுழையாது, ஓராஏ-12899 என்று விழும். போஸ்ட்கிரெஸ்ஸில் வார்கேர்(15) என்றால் 15 குறியீடு, சரியாக அடங்கும். ஆனால் லெங்த் ஃபங்ஷன் 15 என்று சொல்லும், நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு அல்ல. வரிசைப்படுத்தும்போது டேட்டாபேஸ் சி லொக்கேலில் (வெறும் குறியீட்டு எண் வரிசையில்) இருந்தால், ஜ எழுத்து ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவிலும், ன எழுத்து ப-வுக்கு முன்னாலும் வரும். ஆர்டர் பை பக்கத்தில் கொலேட் "டிஏ-எக்ஸ்-ஐசியூ" சேர்த்தால் நம் அகரவரிசை கிடைக்கும், 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ உண்டு. டெர்மினலில் தமிழ் ஃபீல்டுகளின் கோடுகள் கோணலாகத் தெரிவது டேட்டா பிழை அல்ல, எழுத்துரு அகலச் சிக்கல். \பிசெட் ஃபார்மட் சிஎஸ்வி என்று மாற்றி, கோப்பாக எடுத்துப் பாருங்கள்.

மைஎஸ்கியூஎல் டேட்டாவை ஏற்ற பிஜிலோடர். ஒரே கமாண்டில் டேபிள், டேட்டா, இண்டெக்ஸ், சீக்வென்ஸ் எல்லாம் வரும், வேகமும் உண்டு. மைஎஸ்கியூஎல் 8-இன் புதிய பாஸ்வேர்டு முறையோடு ஒத்துப்போகாமல் கனெக்‌ஷனிலேயே நிற்பது அடிக்கடி வரும் புகார். பழைய நேட்டிவ் பாஸ்வேர்டு முறையில் தனி யூசர் ஒன்று உருவாக்கித் தப்பிக்கலாம், 9.0-இல் அந்த முறையையே நீக்கிவிட்டதால் அங்கே இந்த வழி அடைப்பு. டைனிஇண்ட்(1) ஃபீல்டுகளை பூலியனாக மாற்றுவதைக் கட்டாயம் கவனியுங்கள். ஆர்டர் ஸ்டேட்டஸ் என்று 0, 1, 2, 3 வைத்திருந்தால் பூஜ்யம் தவிர மற்றதெல்லாம் ட்ரூ ஆகி, எது டெலிவரி ஆனது, எது கேன்சல் ஆனது என்ற தகவலே அழிந்துவிடும். லோட் கோப்பில் காஸ்ட் விதி (வகை மாற்றும் விதி) எழுதி ஸ்மால்இண்ட்டாக மாற்றுங்கள். டேபிள்கள் பழைய டேட்டாபேஸ் பெயரில் ஒரு ஸ்கீமாவுக்குள் போய் உட்காரும். \டிடீ வெறுமையாக வந்தால் பதறாமல் \டிஎன் போட்டுப் பாருங்கள்.

பிஜிசிஎல்ஐ என்ற மாற்றுக் கிளையண்ட் அடிக்கும்போதே டேபிள், ஃபீல்டு பெயர்களைக் கீழே விரித்துக் காட்டும், புதியவர்களுக்கு நல்லது. எஸ்கியூஎல் சர்வர்காரர்களுக்கு பேபல்ஃபிஷ் என்று தனி வழி இருக்கிறது, அது கமாண்ட் பழக்கும் கருவி அல்ல, 1433 போர்ட்டில் எஸ்கியூஎல் சர்வர் மாதிரியே பேசும் இன்னொரு ஏற்பாடு. அதை வேறொரு சமயம் பார்ப்போம்.

பிஎஸ்கியூஎல் பதிப்பு சர்வரை விடப் பழையதாக இருக்கக் கூடாது. 11 அல்லது அதற்கு முந்தைய கிளையண்டை வைத்துக்கொண்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய சர்வரில் \டி அடித்தால் ரெல்ஹாஸ்ஓஐடிஸ் என்ற ஃபீல்டு இல்லை என்று எரர் வரும். டேபிளில் கோளாறு எதுவும் இல்லை, கிளையண்டை மாற்றினால் சரி.

ஹோம் டைரக்டரியில் பிஎஸ்கியூஎல் திறக்கும்போதே படிக்கும் .பிஎஸ்கியூஎல்ஆர்சி கோப்பில் நாலு வரி போதும்: ஆன்_எரர்_ரோல்பேக் இன்டராக்டிவ், \எக்ஸ் ஆட்டோ (அகலமான விடையை நெடுக்காகக் காட்ட), \டைமிங் (குவெரி எடுத்த நேரத்தைக் காட்ட), கூடவே \பிசெட் நல் என்று ஏதாவது ஒரு குறி. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் நல்லும் வெற்று ஸ்ட்ரிங்கும் திரையில் ஒரே மாதிரி வெறுமையாகத் தெரியும், ஆரக்கிளிலிருந்து வந்தவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் ஸ்கிரிப்டுகளில் மட்டும் ஹைஃபன் பெரிய எக்ஸ் போட்டு இந்தக் கோப்பைப் படிக்காமல் தடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் எக்ஸெலுக்குப் போகும் சிஎஸ்வி கோப்பின் கடைசி வரியில் "டைம்: 48 எம்எஸ்" என்று ஒரு ரெக்கார்டு கூடுதலாக இருக்கும்.